பதினைந்து நிமிடம் பார்க்கும் டாக்டருக்கு, பத்து நாள் பார்த்தவர் சொல்ல வேண்டியவை

வீட்டில் மூன்று நாளாக நொண்டிக்கொண்டிருந்த நாய், மருத்துவமனை வாசலில் இறங்கியதும் நான்கு காலையும் ஊன்றி நடக்கும். இரவெல்லாம் இருமிய பூனை, பரிசோதனை மேசையில் சத்தமே இல்லாமல் பதுங்கிக் கிடக்கும். "இப்போது ஒன்றும் தெரியவில்லையே" என்பார் டாக்டர். "வீட்டில் அப்படி இருந்ததே" என்போம் நாம். இருவர் சொல்வதும் உண்மைதான். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் வலியைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும். நோயை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பது பூனைக்கும் முயலுக்கும் பிறவிக் குணம்.

செல்லப்பிராணி வளர்ப்பவர்களுக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் இடையே வருகிற மனக்கசப்பில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. டாக்டர் பார்ப்பது பதினைந்து, இருபது நிமிடம். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது வளர்ப்பவர். அவர் பார்த்தது டாக்டரிடம் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்றால், எவ்வளவு கெட்டிக்கார டாக்டரும் ஊகித்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் வீடியோ. நொண்டலுக்கு, சமதளத்தில் கயிற்றைத் தளரவிட்டு மெதுவாக நடக்கவையுங்கள். பக்கவாட்டில், எதிரே வரும்போது, பின்னாலிருந்து என்று மூன்று துண்டுகள் எடுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் காலை ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல காலை ஊன்றும்போது தாழும். இருமல், மூச்சிரைப்பு, வலிப்பு எதுவானாலும் 20, 30 விநாடி போதும். ஆனால் முகத்தை மட்டும் எடுக்காமல் வயிறும் விலாவும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும்.

வயிறு தெரிய வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. "வாந்தி எடுக்கிறது" என்று நாம் சொல்லும் சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம். வாந்தி என்றால் முதலில் எச்சில் ஊறும், நக்கிக்கொள்ளும், வயிறு நாலைந்து முறை இழுத்துக் குலுங்கும், பிறகு வெளியே வரும். எதுக்களிப்பு அப்படி இல்லை. தலையைத் தாழ்த்தியதும் சாப்பிட்டது அப்படியே செரிக்காமல், பல நேரம் உருளை வடிவத்தில், சிரமமே இல்லாமல் விழும். முன்னது இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் என்று பல பக்கம் தேடச் சொல்லும். பின்னது உணவுக்குழாயைப் பார்க்கச் சொல்லும். எதுக்களிப்பை வாந்தி என்று சொல்லிவிட்டால் வயிற்று ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. பணமும் நாளும் வீணானதாகத் தோன்றும், கோபம் டாக்டர் மேல் திரும்பும்.

பேதியிலும் இதே கதைதான். அளவு அதிகமாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போய், உடம்பும் இளைக்கிறது என்றால் சிறுகுடல் பக்கம். துளித் துளியாகப் பத்து முறை, முக்கிக்கொண்டு, சளியும் சிவப்பு ரத்தமும் சேர்ந்து வந்தால் பெருங்குடல் பக்கம். தார் போலக் கருப்பாக வந்தால், மேலே எங்கோ கசிந்த ரத்தம் செரித்து வருகிறது என்று அர்த்தம். அதை மறுநாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது.

பூனையின் இருமலை நிறையப் பேர் "முடி உருண்டையைத் துப்பப் பார்க்கிறது" என்றே நினைத்துவிடுகிறார்கள். கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகக் குனிந்து, கடைசிவரை எதுவும் வெளியே வராமல் முடிகிறது, அதுவும் அடிக்கடி நடக்கிறது என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். நாயில், தொண்டையில் எலும்பு சிக்கிய மாதிரி கர்கர் என்று இருமி முடிவில் நுரை துப்புவது, பல நேரம் தொற்று இருமல்தான். எலும்பு என்று நினைத்து விரலை உள்ளே விட்டுக் கடி வாங்குவதும் நடக்கிறது.

"சாப்பிடவில்லை" என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தட்டுப் பக்கமே வரவில்லையா? ஆசையாக ஓடிவந்து மோந்து பார்த்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு திரும்புகிறதா? வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா? இரண்டாவது குமட்டலைக் காட்டும். மூன்றாவது பல்வலி, வாய்ப்புண். பூனை முழுதாக இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பது அதுவே தனி ஆபத்து, குண்டான பூனைக்கு இன்னும் அதிகம். உடம்புக் கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலில் போய்ப் படிந்து கல்லீரலைச் செயலிழக்க வைக்கும். "பசித்தால் தானே சாப்பிடும்" என்று பூனை விஷயத்தில் காத்திருக்கக் கூடாது.

வீட்டிலேயே எடுத்துவைக்கக்கூடிய எண்கள் சில உண்டு. அவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தூங்கும்போதைய மூச்சு எண்ணிக்கை. நன்றாகத் தூங்கும்போது, கனவில் கால் உதறாத நேரமாகப் பார்த்து, விலா ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நாய்க்கும் பூனைக்கும் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். இதய நோய் உள்ள பிராணிக்கு இந்த எண் 18, 20 என்று இருந்து இரண்டு மூன்று நாளில் 30-ஐத் தாண்டினால், நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாம். இருமலோ இரைப்போ வெளியே தெரிவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். நாட்காட்டியில் தேதி போட்டு எழுதி வையுங்கள். "கொஞ்சம் வேகமாக மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது" என்பதைவிட "திங்கள் 22, புதன் 28, இன்று 38" என்று சொன்னால் டாக்டர் உடனே எழுந்து வருவார்.

அடுத்தது ஈறு. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே இருப்பது, நீலம், செங்கல் சிவப்பு, மஞ்சள் எல்லாமே உடனே கிளம்ப வேண்டிய நிறங்கள். ஈறு கருப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். ஆரோக்கியமாக இருக்கும்போது ஒருமுறை பார்த்து வைத்திருந்தால்தான் மாற்றம் புரியும்.

உடல் வெப்பம் நாய்க்கு ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், பூனைக்கும் கிட்டத்தட்ட அதே. நம் உடம்பை வைத்துப் பார்த்து 38.8-ஐக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை தேடுகிறவர்கள் உண்டு. மூக்கு காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இனி, விடிந்ததும் பார்க்கலாம் என்று விடக் கூடாதவை. அவற்றில் ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனசோடு வளர்ப்பவர்களே இதில் ஏமாந்துபோகிறார்கள்.

கடுவன் பூனை மணல் பெட்டிக்குள் போய் உட்காருகிறது. முதுகு வளைகிறது, வால் நுனி லேசாக நடுங்குகிறது. ஒரு நிமிடம் அப்படியே முக்குகிறது. பிறகு எழுந்து மணலைத் தள்ளி மூடுகிறது. மூட அங்கே எதுவும் இல்லை. வெளியே வந்து குறியை நக்குகிறது. ஐந்து நிமிடத்தில் மறுபடி பெட்டிக்குள் போகிறது. பார்ப்பவர் "மலச்சிக்கல்" என்று நினைத்து, எண்ணெய் கொடுத்துப் பார்ப்போம், நாளைக்குப் போகலாம் என்று படுத்துவிடுகிறார்.

அது மலச்சிக்கல் இல்லாமல் போனால்? கடுவனின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகியது. படிகமும் சளியும் சேர்ந்த அடைப்போ, குழாயின் இறுக்கமோ அதை மூடிவிடும். சிறுநீர் தேங்க, வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும். அது இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். எனவே முக்குகிறது என்று தெரிந்ததும் மணலைக் கிளறி, கடைசியாக ஈரக்கட்டி எப்போது விழுந்தது என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் புது மணல் போட்டு இரண்டு மணி நேரம் பார்ப்பதுகூட வேண்டாம், கிளம்பிவிடுங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், வீங்கிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம்.

மருத்துவமனையில் ரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்பார்கள், டிரிப்ஸ் ஏற்றுவார்கள், மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு அடைப்பைக் கழுவுவார்கள். குழாயோடு இரண்டு மூன்று நாள் உள்ளே இருக்க வேண்டியிருக்கும். குழாயை எடுத்த பிறகு தானாக எத்தனை முறை, எவ்வளவு போனது என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்து வாருங்கள். சில பூனைகளுக்கு அடுத்த சில நாட்களிலேயே மறுபடி அடைத்துக்கொள்ளும். அது இந்த நோயின் சுபாவம், பெரும்பாலும் சிகிச்சைக் குறை அல்ல. இதை முதல் நாளே சொல்லாத மருத்துவமனைதான் பிற்பாடு திட்டு வாங்குகிறது. சொன்னாலும், பதற்றத்தில் நம் காதில் விழுவதில்லை. எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெஞ்சு ஆழமான பெரிய நாய் வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்து, வயிறும் உப்பினால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டு முறைக்கு மேல் வந்தாலோ அவசரம். அப்போது வாய்க்குள் கை விடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் பொருட்களை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தூக்கிப் பிடித்து ஆராயாமல் பெட்டியில் வைத்துக் கிளம்புங்கள். வெப்பத் தாக்குதலில் முதலில் தண்ணீர் ஊற்றி விசிறி போட்டுக் குளிரவைத்த பிறகே பயணம். உடல் வெப்பம் 39.5 அளவுக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

விஷ விஷயத்தில், வீட்டு மருந்துப் பெட்டிதான் பெரிய எதிரி. பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். இபுபுரூஃபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால், அதைப் பூனை முதுகில் விடுவது நடுக்கத்திலும் வலிப்பிலும் முடியும். பூ ஜாடியில் வைக்கும் லில்லியின் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

விழுங்கியது தெரிந்தால் அட்டையையோ டப்பாவையோ எடுத்துக்கொண்டு, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, பிராணியின் எடை எவ்வளவு என்று வழியிலேயே போனில் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைப்பது பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள்தான் பலன் தரும். அதற்காக வீட்டில் உப்பு கரைத்து ஊற்றக் கூடாது, உப்பே விஷமாகும். அமிலமோ மண்ணெண்ணெயோ குடித்திருந்தால் வாந்தி இன்னும் கெடுதல் செய்யும்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் விதத்திலும் நிறைய இருக்கிறது. பூனைப் பெட்டியை மருத்துவமனைக்குப் போகும் நாளில் மட்டும் பரணிலிருந்து இறக்கினால், பெட்டியைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் ஓடும். எப்போதும் வீட்டில் திறந்தே கிடக்க வேண்டும், உள்ளே அது படுக்கிற துணி இருக்க வேண்டும். மேல்பக்கம் கழற்றக்கூடிய பெட்டியாக வாங்குங்கள். மேல் மூடியை எடுத்துவிட்டால் கீழ்ப் பாதியில் இருந்தபடியே டாக்டர் பரிசோதிக்க முடியும், கழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. காத்திருக்கும்போது தரையில் வைக்காமல் உயரத்தில் வைத்து ஒரு துண்டால் மூடுங்கள். பயத்தில் பூனையின் ரத்தச் சர்க்கரை நன்றாக ஏறும். அந்த ஒரே எண்ணை வைத்து நீரிழிவு என்று யாராவது சொன்னால், ஃப்ரக்டோசமைன் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள், அது கடந்த ஒன்றிரண்டு வாரச் சராசரியைச் சொல்லும். மிகவும் பயப்படும் பூனைக்கு, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கொடுக்கும் அமைதி மாத்திரை உண்டு. டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.

குட்டி நாய்க்கு வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தப் பேதி, தடுப்பூசியும் முடியவில்லை என்றால் உள்ளே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வாசலிலிருந்து போன் செய்து "பார்வோவாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள். தனி வழியாக அழைத்துப் போவார்கள். பார்வோ என்பது குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்று வைரஸ். அது தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், காத்திருப்பறையில் இருக்கும் மற்றக் குட்டிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். "ஊசி போட்டும் பார்வோ வந்துவிட்டது" என்ற மனவருத்தத்துக்கும் விளக்கம் உண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி, குட்டியின் உடம்பில் தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6, 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் ஆகும் வரை, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசியை விட்டால் முதல் ஊசிகளை நம்ப முடியாது.

உள்ளே போனதும் கேட்க வேண்டியவற்றில், இரவில் யார் இருப்பார்கள் என்பதே முதலில் வர வேண்டும் என்பேன். "உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்கிறோம்" என்றால் ஆள் கூட இருப்பார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பல இடங்களில் இரவு பூட்டிவிட்டுக் காலையில்தான் திறப்பார்கள். அதை மறைப்பது தவறு, ஆனால் கேட்காமல் விடுவதும் நம் பிராணிக்குத்தான் நஷ்டம். அடுத்து, இந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும் என்று கேளுங்கள். மாறாது என்றால் அதைத் தள்ளிப்போடலாம். மாறும் என்றால், "ஒன்றும் இல்லை" என்று வந்தாலும் அது வீண் செலவு இல்லை, ஒரு நோயைக் கணக்கிலிருந்து எடுத்தாயிற்று. செலவு மதிப்பீட்டைக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று எழுத்தில் வாங்குங்கள். எந்தத் தொகையைத் தாண்டும் முன் போன் செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள். இதயம் நின்றுவிட்டால் மீட்க முயல வேண்டுமா என்ற கேள்வியும் வரும். குடும்பத்தோடு முன்பே பேசி வைத்திருப்பது நல்லது.

மயக்கம் கொடுப்பதற்கு முன் பட்டினி ஏன் என்றால், மயக்கத்தில் இரைப்பையின் வாய் தளர்ந்து, உள்ளே இருப்பது ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். எத்தனை மணி நேரம் என்பது வயதையும் நோயையும் பொறுத்தது, அவர்கள் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். சின்னக் குட்டிகளை நீண்ட நேரம் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். முயலைப் பட்டினியே போடக் கூடாது. அதற்கு வாந்தி வராது, ஆனால் குடல் நின்றுபோகும். யாராவது தெரியாமல் காலையில் சாப்பாடு வைத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அதிகம் கெடுவது மாத்திரையில். பூனையின் முதுகு நம் வயிற்றில் சாய்ந்திருக்க, ஒரு கையால் மேலிருந்து கன்ன எலும்புகளைப் பிடித்து மூக்கைக் கூரையை நோக்கித் தூக்கினால் கீழ்த்தாடை தானே தளரும். மறுகையின் நடுவிரலால் முன்பற்களைக் கீழே இழுத்து, நாக்கின் மேட்டுக்கும் பின்னால் மாத்திரையைப் போட்டு வாயை மூடிப் பிடியுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது. அதோடு விடாமல், ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெல்ல விட வேண்டும். உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயிலேயே தங்கிவிடும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை அப்படித் தங்கினால் புண்ணாகி, குழாயே சுருங்கிவிடும். சில வாரம் கழித்து எதுக்களிப்போடு வரும் பூனைக்குப் பழைய மாத்திரை காரணமாக இருப்பதுண்டு.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள், புட்டியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்க்க வேண்டும். யு-40 என்றால் ஒரு மில்லியில் 40 யூனிட், யு-100 என்றால் 100. யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் எடுத்தால், சொன்னதைப் போல இரண்டரை மடங்கு உள்ளே போகும். சாப்பிடாத நாளில் வழக்கமான அளவைப் போடாமல் முதலில் போன் செய்யுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை, தேறிவிட்டது என்று சட்டென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கருத்தடையோ வேறு அறுவையோ, கழுத்துக் கூம்பு தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள் இருக்க வேண்டும். பாவம் பார்த்து ஒரு ராத்திரி கழற்றினால் அந்த ஒரு ராத்திரி நக்கலே தையலைப் பிரிக்கப் போதும். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் பயனில்லை. வீட்டில் இன்னொரு பூனை இருந்தால், மருத்துவமனை வாசனையோடு வந்ததைப் பார்த்துச் சீறும். ஒரு நாள் தனி அறை கொடுத்து, பழைய துணியை அதனோடு போட்டு வைத்தால் வாசனை திரும்பிவிடும்.

இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பது முதல் டாக்டருக்குச் செய்யும் துரோகம் இல்லை. ரத்த அறிக்கைகள், மருந்துப் பெயரும் அளவும் தேதியும், எக்ஸ்-ரேயின் மூலக் கோப்பு, இவை மூன்றையும் கேட்டு வாங்கிப் போங்கள். திரையைக் கைபேசியில் படம் எடுத்துக் கொண்டுபோனால் நுணுக்கம் எதுவும் தெரியாது. மருத்துவமனை மேல் குறை இருந்தால், நடந்ததைத் தேதி, நேரம், சொன்னவர் என்று வரிசையாக எழுதி, சிகிச்சை பார்த்த டாக்டரிடமே நேரம் கேட்டு உட்காருங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கத்தினால் பதில் கிடைக்காது, அவரிடம் அது இல்லை.

கருணைக்கொலை என்ற முடிவுக்கு வருபவர்களுக்கும் சிலவற்றை முன்பே சொல்லிவிட வேண்டும், அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் காதில் ஏறாது. கையெழுத்தையும் கட்டணத்தையும் முதலிலேயே முடித்துவிடுங்கள், பிறகு கவுன்ட்டரில் நிற்க முடியாது. முதலில் ஆழ்ந்து தூங்க ஒரு ஊசி போடச் சொல்லிக் கேட்கலாம். அது தூங்கியபின் நரம்பில் போடும் மருந்தில் சில விநாடிகளில் நினைவு போய்விடும், ஒன்றிரண்டு நிமிடத்தில் இதயம் நிற்கும். கண்கள் மூடிக்கொள்ளாது. இறந்த பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போல உடம்பு அசையலாம், சிறுநீர் போகலாம். அதற்கு வலி தெரியவில்லை, அது உயிர் திரும்புவதும் இல்லை. அடியில் ஒரு தடித்த துண்டை விரித்து வையுங்கள். தலைப் பக்கம் உட்கார்ந்து, வழக்கமாகக் கூப்பிடும் பெயரைச் சொல்லிக்கொண்டே இருங்கள். உடம்பை என்ன செய்வது என்பதை முந்தைய நாளே முடிவு செய்திருந்தால் நல்லது. கிளம்பும்போது கூட வந்தவரிடம் சொல்லி, தடுப்பூசி நினைவூட்டல் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சில மாதம் கழித்து, அதன் பெயரோடு ஒரு குறுஞ்செய்தி வரும்.